ராஜராஜ சோழன் மிளகாய்ச் சட்னி சாப்பிட்டாரா?

எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். வரலாற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "அண்ணே, ராஜராஜ சோழனுக்கு மிளகாச் சட்னி பிடிக்குமா?" என்று கேட்டான். முதலில் சிரித்துவிட்டேன். யோசித்தால், அருமையான கேள்வி!

ராஜராஜன் ஆண்டது கி.பி. 985 முதல் 1014 வரை. அப்போது இந்தியாவில் மிளகாய்ச் செடியே கிடையாது!

மிளகாயின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். அதற்கு முன் நம் சமையலில் காரத்துக்குப் பெரிய ஆள் மிளகுதான். அதன் மதிப்பு தெரியுமா? கி.பி. 408-ல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக் என்ற மன்னன், முற்றுகையை விலக்கத் தங்கம், வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் கேட்டான்!

ஆசியாவுக்குக் கடல்வழி தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் 1492-ல் போய்ச் சேர்ந்தது அமெரிக்கப் பக்கத்துத் தீவுகளில். அங்கே கண்டது மிளகாயை. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்தார். அவருக்குப் பின் வந்த போர்ச்சுகீசியர்கள் வழியாகத்தான் மிளகாய் இங்கே வந்தது. மிளகு வாங்க வந்தவர்களே மிளகுக்குப் போட்டியையும் கொண்டுவந்துவிட்டார்கள்!

புதுக்காய்க்கு என்ன பெயர் வைப்பது? மிளகு போலக் காரமான காய், மிளகாய். ஆங்கிலத்திலும் இதே கதைதான். மிளகும் 'பெப்பர்', மிளகாயும் 'பெப்பர்'.

மிளகாய் ஏன் ஜெயித்தது? வணிகவியல் மாணவன் என்பதால் எனக்கு இதுதான் சுவாரஸ்யம். மிளகுக்கொடிக்கு நல்ல மழையும் நிழலும் வேண்டும். மிளகாய் நம் கரிசல் காட்டிலும் சில மாதங்களில் காய்த்துவிடும். காயவைத்தால் வருஷம் முழுக்க வரும். மன்னர்கள் பேரம் பேசிய காரம், ஏழை வீட்டு அம்மிக்கும் வந்தது அப்படித்தான். ஆனாலும் பல வீடுகளில் திவசச் சமையலுக்கு இன்றும் மிளகாய் கிடையாது, மிளகுதான்.

இன்னொரு வேடிக்கை. மிளகாய்ப் பழத்தைக் கிளி கொத்தித் தின்னும், ஆனால் அழாது. பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்காது!

வெளியூர்க்காரர் மிளகாய் மட்டுமல்ல. பறங்கிக்காயின் பெயரிலேயே பறங்கியர் இருக்கிறார்கள். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் நிலக்கடலைக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா. அதற்கு 'மணிலாக்கொட்டை' என்றும் ஒரு பெயர் உண்டு. மணிலா இருப்பது பிலிப்பைன்ஸில்!

இதையெல்லாம் சொன்னதும் பொடியன் முகம் வாடிவிட்டது. "அப்போ எதுதான்ணே நம்ம சாப்பாடு?"

நான் சொன்னேன்: "செடி எங்கிருந்து வந்தாலும், நம்ம மண்ணுல விளைஞ்சு, நம்ம ஆச்சிமார் அம்மியில நானூறு வருஷமா அரைபட்டது நம்ம சாப்பாடுதாம்ல."

குட்டி நண்பர்களே, இன்று இரவு உங்கள் தட்டில் இருப்பதில் எது எந்த ஊர் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டுக்கொண்டே வரலாறு படிக்கலாம்!