மின்னுற்பத்தித் திட்டத்தின் பத்துச் சதவீதமும் வன்னியின் மின்மார்க்கங்களும்

வெளிநாட்டு அபிவிருத்திக் கடன்கள் வளர்முக நாடுகளின் எரிசக்தித் தெரிவுகளை எந்தளவுக்கு வடிவமைக்கின்றன என்ற வினாவுக்கு, இலங்கை பற்றிய ஆய்வுகளில் ஒரு சாரார் தரும் விடை, தெரிவைச் செய்வது கடன்பெறும் நாடே, கடன் கொடுப்பவர் அத்தெரிவுக்குப் பணம் தருபவர் மட்டுமே என்பதாகும். இதற்குச் சான்றாக அவர்கள் முன்வைப்பது இலங்கை மின்சார சபையின் நீண்டகால மின்னுற்பத்தி விரிவாக்கத் திட்டம். சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில் அமைந்த 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, நிலக்கரியை மிகக்குறைந்த செலவுடைய வழியாகச் சபையின் பொறியியலாளர் கணித்திருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் அக்கணிப்பு கடன் நிபந்தனைகளிலிருந்து விலகி நின்று செய்யப்பட்ட சுயேச்சையான தெரிவு என்னும் வாசிப்பு, ஆவணத்தின் கணக்கை உற்றுநோக்கும்போது நிலைக்கவில்லை.

திட்டத்தின் அடிப்படைக் கணிப்பு எல்லா மின்னிலையங்களுக்கும் 10 சதவீதக் கழிவு வீதத்தைக் கொள்கிறது. கழிவு வீதம் என்பது எதிர்காலத்தில் வரும் செலவுகளை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் கணிக்கப் பயன்படும் ஆண்டு வீதம். கணக்கியல் மரபு போலத் தோன்றும் இந்த எண்ணிலேயே எரிபொருள்களுக்கிடையிலான போட்டி பெருமளவுக்குத் தீர்ந்துவிடுகிறது. காற்றாலையின் செலவில் மிகப் பெரும்பங்கு தொடக்கத்திலேயே இடப்படும் மூலதனமாக இருக்க, நிலக்கரி நிலையத்துக்கோ மூலதனத்துடன், ஆயுட்காலம் முழுவதும் இறக்குமதி செய்யவேண்டிய எரிபொருளும் சேர்கிறது. 100 ரூபா மூலதனத்தை 20 ஆண்டுகளில் சம தவணைகளாக மீட்பதற்கு 10 சதவீதத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 11.75 ரூபாவும், 3 சதவீதத்தில் 6.72 ரூபாவும் வேண்டும். ஆகவே சலுகைக் கடன், அதாவது சந்தை வட்டியிலும் தாழ்ந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்ட கடன், காற்றாலைக்குக் கிடைக்குமாயின் அதன் மூலதனச் சுமை ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் குறைகிறது; அதே கடன் நிலக்கரிக்குக் கிடைத்தால் எரிபொருட் செலவு அப்படியே நிற்கிறது. வேறு வீதங்களும் ஆவணத்தின் உணர்திறன் பகுப்பாய்வில் சோதிக்கப்படுகின்றன என்பது மறுக்கத்தக்கதன்று. ஆனால் அவை எந்தக் கடன் எந்த நிலையத்துக்கு வரக்கூடும் என்பதைக் கேட்பதில்லை, எல்லாவற்றுக்கும் ஒருசேர வீதத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்கின்றன.

பொருளியலாளர் இங்கு ஒரு வலுவான தடையை எழுப்புவர். கழிவு வீதம் கடன் வட்டியைக் குறிப்பதன்று, அதே மூலதனத்தை வேறொரு துறையில் இட்டிருந்தால் சமூகத்துக்குக் கிடைத்திருக்கும் பயனையே அது குறிக்கிறது என்பதே அத்தடை. கடன் எத்துறைக்கும் மாற்றக்கூடியதாக இருந்தால் இக்கூற்று முழுமையாகப் பொருந்தும். ஆனால் நுரைச்சோலைக்கு வந்த கடனைக் கொண்டு பாடசாலையோ காற்றாலையோ கட்டியிருக்க முடியாது; அது குறித்த திட்டத்தோடும் ஒப்பந்தகாரரோடும் கட்டுண்டு வந்தது. மாற்றுப் பயன்பாடே இல்லாத பணத்துக்கு மாற்றுப் பயனைக் கணிப்பது பொருளற்றது. ரூபாவின் வீழ்ச்சி தாழ்ந்த வட்டியின் பயனை விழுங்கிவிடும் என்ற மற்றொரு தடையை நீள ஆராய வேண்டியதில்லை. நிலக்கரியும் டொலரிலேயே வாங்கப்படுகிறது. சம்பூர் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டதைக் காட்டி நாட்டின் தற்றுணிபை நிறுவ முயல்வோருக்கும் இவ்வளவே கூறலாம்: வந்த ஒன்றை மறுக்கும் வல்லமை, வராத ஒன்றைத் தெரிவுசெய்யும் வல்லமையாகாது.

இதனால் கடனளிப்போர் நிலக்கரியைத் திணித்தனர் என்று முடிவுகட்டிவிட இயலாது. நிறுவப்படுவது, ஆவணம் கடனின் பங்கைக் காட்டக்கூடிய இடத்தில் அதை மறைக்கிறது என்பது மட்டுமே. இம்மறைப்பு மின்னிலையங்களை விட மின்மார்க்கங்களில், அதாவது மின்சாரத்தை நெடுந்தூரம் கடத்தும் உயர் அழுத்தக் கம்பித் தொடர்களில், இன்னும் ஆழமானது. மின்கடத்தல் அபிவிருத்தித் திட்டம் தனியொரு ஆவணமாக இருப்பதால், மெகாவாட்டை மட்டும் எண்ணும் ஆய்வுகளின் கண்ணில் மின்மார்க்கக் கடன்கள் எரிசக்தித் தெரிவாகப் படுவதேயில்லை.

ஆனால் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில், மார்க்கக் கடன்களே எரிசக்தித் தெரிவுக்கு வழிவகுத்தன. போர்நிறுத்த காலமான 2005இல் ஜப்பானியக் கடன் பெற்ற வவுனியா–கிளிநொச்சி 132 கிலோவோல்ட் மார்க்கம், போர் மீண்டும் மூண்டதால் தடைப்பட்டு, 2009க்குப் பின்னரே கட்டி முடிக்கப்பட்டது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரையான மார்க்கத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்கியது. இவை சமாதானத்தின் பயன்களாகவும் மீள்கட்டுமானமாகவும் வகைப்படுத்தப்பட்டன. டீசலில் தங்கியிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அவை அவ்வாறே அமைந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கம்பி வந்த பின்னரே பளையில் தலா 10 மெகாவாட் கொண்ட இரு தனியார் காற்றாலைகள் தேசிய மின்கட்டமைப்போடு இணைய முடிந்தது. மன்னாரில் இந்த வரிசை மேலும் தெளிவானது. வவுனியா–மன்னார் மார்க்கத்துக்கான ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன் 2012இல் வந்தது, அதே வங்கியின் 20 கோடி டொலர் காற்றாலைக் கடன் 2017இல் வந்தது, 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. காற்று அங்கு என்றும் வீசிக்கொண்டிருந்தது. அதைத் தெரிவுக்குரியதாக்கியது கம்பிக்கான கடன்.

மார்க்கக் கடனின் இப்பங்கைக் கவனியாததன் விளைவு கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரியில் தெரிந்தது. பூநகரியில் 234 மெகாவாட், மன்னாரில் 250 மெகாவாட் என அதானி நிறுவனம் முன்மொழிந்த காற்றாலைகள், அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என 20 ஆண்டுகளுக்கு விலை நிர்ணயிக்கப்பட்டு, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியதோடு முடிந்தன. பொதுவிவாதம் பெரும்பாலும் விலையையும் மன்னாரின் வலசைப் பறவைகளையும் சுற்றியே நடந்தது. இரண்டும் நியாயமான கரிசனைகள். அம்மின்சாரம் எந்த மார்க்கத்தால், யாருடைய கடனால், எங்கே செல்லும் என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றது.

அதே மாவட்டத்தின் பரந்தனில் நின்று பார்த்தால் அக்கேள்வியின் கனம் புரியும். ஆனையிறவு உப்பை மின்பகுப்புக்கு உட்படுத்தி எரிசோடாவும் குளோரினும் ஆக்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, மின்சாரத்தை ஏறத்தாழ ஒரு மூலப்பொருளாகவே உட்கொண்ட ஆலை. போரில் அது இடிபாடாயிற்று. மார்க்கக் கடன்கள் வடக்கை மின்சாரம் ஊட்டப்படவேண்டிய நுகர்வோராகவோ, காற்றை ஏற்றுமதி செய்யும் வெளியாகவோ மட்டுமே கொள்ள, பூநகரியின் காற்றை அருகிலேயே பயன்படுத்தக்கூடிய இத்தகைய தொழில் எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. பரந்தனில் தொழில் வலயம் அமைப்பது மீண்டும் பேசப்படும் இவ்வேளையில், இனி வரும் ஒவ்வொரு மார்க்கக் கடனின் வட்டி, தவணை, கொள்ளளவு ஆகியன, கைச்சாத்துக்கு முன்னரே, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பகிரங்க விசாரணைக்குக் கிளிநொச்சியிலும் தமிழிலும் வைக்கப்படவேண்டும்.