கோபுரத்தை வரைந்தவர்கள்: அசல் எது, நகல் எது?

போன மாதம் என் பேரன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். தஞ்சைப் பெரிய கோயில். 200 வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரர்கள் வரைந்தது. "தாத்தா, அப்போ கோயில் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டான்.

"ஆமாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வேலைக் காலம் முழுக்கக் கோப்பு பார்த்த பழக்கம் தடுத்துவிட்டது. ஒரு தாள் கைக்கு வந்தால் எங்கள் பிரிவில் முதலில் கேட்பது, இது அசலா நகலா, எங்கே உட்கார்ந்து எப்போது எழுதியது என்பதுதான். படத்துக்கும் அதே கேள்வியைக் கேட்கலாமே என்று தோன்றியது. பேரனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் பிச்சாவரம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 1781 ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் பெரிய சண்டை நடந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் கூட், சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். கோயிலை எதற்குத் தாக்க வேண்டும்? உள்ளே ஹைதரின் ஆட்கள் இருந்தார்கள். அந்தக் காலப் போர்களில் நம் கோயில் மதில்கள்தாம் கோட்டை மதில்கள். ஆகையால் நம் கோயில்களை முதலில் கூர்ந்து பார்த்த ஐரோப்பியர்களில் பலர் பட்டாளத்துக்காரர்கள்.

அப்படி ஒருவர் பிரான்சிஸ் ஸ்வெய்ன் வார்டு. 1757இல் சென்னைப் படையில் சேர்ந்து 1764இல் விலகி இங்கிலாந்து போனார். அங்கே படம் வரைந்து பிழைத்தார். 1773இல் திரும்பவும் வேலை கேட்டு கம்பெனிக்கு மனுப் போட்டார். கூடவே தைல வண்ணத்தில், அதாவது ஆயில் பெயிண்டிங்காக, பத்துப் படங்களையும் கொடுத்தார். மதுரை வண்டியூர் தெப்பக்குளம் அவற்றில் ஒன்று. வேலை கிடைத்தது! மனுவுக்கு இவ்வளவு அழகான இணைப்பு வைத்த ஊழியரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தெப்பக்குளம் மதுரையில். படம் முடிந்தது இங்கிலாந்தில், ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷம் கழித்து.

அடுத்து வந்தவர் வில்லியம் ஹாட்ஜஸ். கேப்டன் குக்கோடு தென்கடல் பயணம் போன ஓவியர். 1780இல் சென்னை வந்தார். அதே வருஷம் ஹைதரின் படையெடுப்பு. உள்நாட்டுக்குப் போய் வரைய வழியில்லாமல் வங்காளம் போய்விட்டார்.

பேரன் காட்டிய படம் டேனியல்கள் வரைந்தது. தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம். திப்பு சுல்தானோடு உடன்படிக்கை ஆன கையோடு, 1792 மார்ச் கடைசியில் இருவரும் கல்கத்தாவிலிருந்து சென்னையில் வந்து இறங்கினார்கள். சித்தப்பாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது, பையனுக்கு இருபதைத் தாண்டிய வயது. பல்லக்கு, குதிரை, மாட்டுவண்டி, சுமையாட்கள் என்று ஒரு சிறு ஊரே நகர்ந்தது போலப் புறப்பட்டு, பெங்களூர், சேலம், திருச்சி, மதுரை, குற்றாலம், கன்னியாகுமரி வரை போய், ராமேஸ்வரம், தஞ்சாவூர் பார்த்துச் சென்னை திரும்பினார்கள்.

அவர்கள் வேலை செய்த முறைதான் முக்கியம். தைல வண்ணத்தைக் கோயில் வாசலில் வைத்து வேலை செய்வது அப்போது லேசான காரியமில்லை. வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துக் குழைக்க வேண்டும். குழைத்ததைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பசை பூசி, வெள்ளை பூசி, அது காய வேண்டும். பிறகு ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்தது. காயும் வரை நம் ஊர்ப் புழுதி சும்மா இருக்குமா?

அதனால் கோயில் முன்னால் அவர்கள் செய்தது கோட்டுவேலை மட்டும். 'கேமரா அப்ஸ்குரா' என்று ஒரு கருவி. கண்ணாடி வில்லை வழியாக எதிரே உள்ள காட்சி இருட்டான இடத்துக்குள் ஒரு தாளின் மேல் விழும். அதன் மேலேயே பென்சிலால் கோடு இழுத்துக்கொள்ளலாம். புகைப்படம் வருவதற்கு முந்திய புகைப்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நீர்வண்ணத்தில் லேசாக ஒரு பூச்சு. அவ்வளவுதான், அடுத்த ஊர்.

தைல வண்ணமெல்லாம் ஊர் திரும்பி அறைக்குள் உட்கார்ந்து செய்தது. சென்னையில் சில படங்களை முடித்து, லாட்டரிச் சீட்டு போட்டு விற்றார்கள். வழிச்செலவுக்குப் பணம் வேண்டுமே! 1794இல் இங்கிலாந்து போன பிறகு, தாமஸ் வருஷக்கணக்கில் அந்தத் தாள்களைப் பார்த்துத் தைலப் படம் எழுதிக்கொண்டே இருந்தார். 1795 முதல் 1808 வரை 144 செப்புத்தகட்டு அச்சுப் படங்களும் வந்தன. தஞ்சைக் கோயில் படம் 1798இல் வெளியானது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தஞ்சாவூரின் பெரிய பகோடா'. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கும் பாடப்புத்தகத்தில் கோயில் என்றால் 'பகோட்' தான். டீக்கடைப் பகோடா நினைவு வந்து வகுப்பில் சிரித்து அடி வாங்கியவர்கள் உண்டு.

இப்போது பேரன் கேள்விக்கு வருகிறேன். பென்சில் தாள் அசல். தைலப் படம், பல வருஷம் கழித்து வேறு தேசத்தில் எழுதிய நகல். கோபுரத்தின் அளவு, நிலைகள், மதிலின் வளைவு இவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். வானத்தின் நிறம், ஓரத்து மரம், முன்னால் நிற்கும் ஆட்கள் எல்லாம் ஞாபகமும் ரசனையும் கலந்தவை. 1799இல் தாமஸ் ஹோப் என்ற லண்டன் செல்வந்தருக்காக, வெவ்வேறு ஊர்களின் இந்து, முகலாயக் கட்டடங்களை ஒரே படத்தில் சேர்த்தே எழுதிக் கொடுத்தார் தாமஸ். அழகான படம்தான். சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. நல்ல வேளையாக அவர்களுடைய அசல் தாள்கள் நிறைய, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

1841இல் தைல வண்ணத்துக்குத் தகர ட்யூப் கண்டுபிடித்தார்கள், நம் பற்பசை ட்யூப் மாதிரி. அதன் பிறகு நிலைமை மாறியது. மேரியன் நார்த் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1877 கடைசியில், தாது வருஷப் பஞ்சத்தின் துயரம் தீராத காலத்தில், தூத்துக்குடி வழியாக மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் வந்தார். அவர் எதிரே பார்த்ததை அங்கேயே தைல வண்ணத்தில் எழுதிவிடுவார். அவர் படத்தில் நிறமும் சாட்சி சொல்லும். லண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் திறந்த அவருடைய காட்சிக்கூடத்தில் 800க்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன.

இவர்கள் அத்தனை பேர் படத்திலும் ஒரு குறை உண்டு. கோபுரம், குளம், வெளிமண்டபம் இருக்கும். கருவறைப் பக்கம் இருக்காது. அங்கே போக அவர்களுக்கு அனுமதியில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் நம் 'சில்பி'. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' பகுதிக்காகக் காத்திருந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தைலம் வேண்டியிருக்கவில்லை. பேனாவும் மையும் போதும், கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்து வரைந்தார். அது அசல்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் கோபுரங்களுக்குப் புது வர்ணம் பூசுகிறோம், சுதைப் பொம்மைகளைத் திருத்துகிறோம். பூசிய மறுநாள் பழைய நிறம் என்ன என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அப்போது நமக்குச் சாட்சி இந்தப் படங்கள்தாம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கவும் கூடாது, வெள்ளைக்காரன் கற்பனை என்று தள்ளவும் கூடாது.

"கோடு உண்மை, நிறம் ஞாபகம்" என்று பேரனிடம் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நம்ம சிதம்பரம் கோபுரத்தை அடுத்த பெயிண்ட் அடிக்கறதுக்குள்ள நாமளே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, தேதி போட்டு வெச்சுடலாம் தாத்தா" என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, கீழவீதியிலிருந்து தொடங்குவதாக இருக்கிறோம்.