ராமநாதபுரம் ராணியும் ஒரு தத்துப் பிள்ளையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி என்றதும் வெளியூர் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க ஊர்ல தண்ணி இருக்கா?" என்பதுதான். கரிசல் காடு, மானம் பார்த்த பூமி, மழை வந்தால் மட்டும் ஓடுகிற குண்டாறு என்று நாமும் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இந்த வறண்ட சீமை அடங்கிய ஒரு ஜமீனின் வாரிசு வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், இன்றும் சட்ட மாணவர்களின் பாடமாக இருக்கிறது. நான் சட்டம் படித்தவன் அல்ல, பொறியாளன். நம் பக்கத்துச் சங்கதி, நம் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

ஜமீன் வந்த கதை

அந்தக் காலத்தில் திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் ராமநாதபுரம் சேதுபதிகளின் சீமை. 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பெனியார் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1803-ல் அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீன்தாரி சன்னத்து கொடுத்தார்கள். ஆக, ராமநாதபுரத்தின் முதல் ஜமீன்தாரே ஒரு பெண்மணி!

சன்னத்தோடு ஒரு சுமையும் வந்தது. அதன் பெயர் பேஷ்குஷ். மழை பெய்தாலும் பொய்த்தாலும் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய நிரந்தரத் தொகை அது. கட்டத் தவறினால் ஜமீனை ஜப்தி செய்து ஏலம் போடலாம். கண்மாய் நிரம்பாத வருஷம் குடியானவனிடம் வாரம் வராது, ஆனால் பேஷ்குஷ் கெடு தவறாமல் வந்து நிற்கும். வறண்ட பூமியில் ஜமீனுக்குக் கடன் ஏறாமல் என்ன செய்யும்?

விதவையின் பாத்தியதை

1830-ல் ராமசாமி சேதுபதி காலமானார். இங்கிலாந்தில் நான்காம் ஜார்ஜ் மன்னர் இறந்ததும் அதே வருஷம்தான். ராமசாமி சேதுபதிக்கு ஆண் வாரிசு இல்லை. மகள்கள் இருவரும் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சியவர் அவர் மனைவி ராணி பர்வதவர்த்தினி நாச்சியார்.

அன்றைய இந்து சட்டப்படி விதவைக்குக் கிடைத்த சொத்து ஒரு விசித்திரமான சொத்து. ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், இஷ்டத்துக்கு விற்க முடியாது. குடும்பத்தின் அவசியத் தேவைக்கு மட்டுமே கடன் வாங்கலாம், அடமானம் வைக்கலாம். அது அவசியக் கடன்தானா என்று விசாரிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவன் தலையில். விசாரிக்காமல் கொடுத்தால் அந்த அம்மாவின் காலத்துக்குப் பிறகு பணம் போனது போனதுதான். எந்த லேவாதேவிக்காரனும் அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தானே வட்டி போடுவான்?

ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்திலும் நிலைமை ரொம்ப உசத்தி என்று நினைக்க வேண்டாம். அங்கே கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமைதான் விதவைக்கு இருந்த பழைய பாத்தியதை. மண் வேறு, மகாராணி வேறு, சங்கடம் ஒன்றுதான்.

வழக்கு

1847-ல் ராணி ஒரு முடிவெடுத்தார். தம் சகோதரியின் மகன் முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். சர்க்கார் ஒப்பவில்லை. "கணவர் உயிரோடிருந்தபோது அனுமதி கொடுக்கவில்லை, ஆகவே தத்து செல்லாது" என்பது அவர்கள் வாதம். தத்து செல்லாவிட்டால் ராணிக்குப் பின் வாரிசில்லாச் சொத்து என்று ஜமீனை சர்க்காரே எடுத்துக்கொள்ளலாம் அல்லவா!

இங்கேதான் சுவாரஸ்யம். கணவன் சம்மதமின்றிப் பெண் பிள்ளையைக் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பது வசிஷ்டர் பெயரில் வழங்கும் விதி. அந்த ஒரே விதிக்கு நாலு திசையில் நாலு அர்த்தம். மிதிலையில் விதவை தத்தெடுக்கவே முடியாது. வங்காளத்தில் கணவன் முன்பே அனுமதி தந்திருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் அனுமதியே வேண்டாம். நம் திராவிட தேசத்திலோ, கணவனின் பங்காளிகள் சம்மதித்தால் போதும்.

ராணி 1862-ல் காலமாகிவிட்டார். 1864-ல் சென்னை உயர்நீதிமன்றம் தத்து செல்லும் என்றது. மதுரை கலெக்டர் தரப்பு லண்டனுக்கு அப்பீல் போனது. 1868-ல் பிரிவி கவுன்சிலும் தத்துக்கே ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, ஜனங்கள் காலங்காலமாக அனுசரிக்கும் வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால் அதற்கே வலு அதிகம் என்பது தீர்ப்பின் சாரம். பங்காளிகள் கூடிப் பேசி முடிவெடுக்கும் நம் கிராமத்துப் பழக்கத்தை லண்டன் நீதிமான்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஆனால் தத்தெடுத்ததற்கும் தீர்ப்பு வந்ததற்கும் நடுவே இருபத்தொரு வருஷம். வக்கீல் பீஸ், ஸ்டாம்பு, கப்பலேறிய கட்டுக்கட்டான காகிதம் எல்லாவற்றுக்கும் பணம் ஜமீனிலிருந்துதான் போக வேண்டும். ஜமீன் பணம் என்பது குடியானவன் கொடுத்த வாரம்தானே! முத்துராமலிங்க சேதுபதி 1873-ல் காலமானபோது மகன் பாஸ்கர சேதுபதி சிறு பிள்ளை. கடன்பட்ட ஜமீனைக் கோர்ட் ஆப் வார்ட்ஸ் நிர்வாகம் ஏற்று, 1889-ல் திருப்பி ஒப்படைத்தது. விவேகானந்தரை சிகாகோ செல்ல ஊக்குவித்தவர் இந்த பாஸ்கர சேதுபதிதான். தத்து வந்த முத்துராமலிங்கரின் அண்ணன் பொன்னுசாமித் தேவர் ஜமீன் நிர்வாகத்தைக் கவனித்தவர். அவர் மகன்தான், அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட வள்ளல்.

இன்றைக்கு

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், விதவையின் அரைகுறைப் பாத்தியதையை முழு உரிமையாக்கியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் சட்டமானது. அப்பன் பட்ட கடனை மகன் தீர்த்தே ஆகவேண்டும் என்ற பழைய தர்மக் கடமையையும் 2005 திருத்தம், அதன்பின் வாங்கும் கடன்களுக்கு எடுத்துவிட்டது.

சட்டம் மாறிவிட்டது, பழக்கம் மாறிவிட்டதா? "பொம்பளைப் புள்ளைக்குத்தான் நகை போட்டாச்சே" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் கேட்கிறது. அன்று வழக்கம் ஏட்டை வென்றது ஒரு பெண்ணுக்கு ஆதரவாக. இன்று பல வீடுகளில் வழக்கம் ஏட்டை மறைப்பது பெண்ணுக்கு எதிராக. இதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தகரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பழைய பத்திரம், புரோநோட்டு, பாகப்பிரிவினைக் காகிதம் கிடைக்கும். பாட்டியின் பெயர் அதில் எங்கே இருக்கிறது, கைரேகையாக இருக்கிறதா, இல்லவே இல்லையா என்று தேடுங்கள். நம் கரிசல் சீமையின் சரித்திரம் அங்கேயும் இருக்கிறது.

வாழ்க நம் கல்லூரி!