விருந்தோம்பிய ஊரும் விடுபட்ட கோட்பாடும்: கற்பிட்டிக் குடாநாட்டில் சமூகப் பணிச் சிந்தனையின் வரலாறு

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவு மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் கற்பிட்டி அமைந்த புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினர். கற்பிட்டிக் குடாநாட்டில் முதலில் சோறும் இடமும் கொடுத்தவர்கள் ஊரவர்களும் பள்ளிவாசல்களுமே. நிவாரண அமைப்புகள் பின்னரே வந்தன. சமூகப் பணிக் கோட்பாடு இந்த ஊரவரைக் காண ஏன் தாமதித்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

காரணம் அத்துறையின் பிறப்போடு தொடர்புடையது. சமூகப் பணி முன்னோடி மேரி ரிச்மண்ட் 1917இல் எழுதிய நூல் தனியாளின் இடரை ஆராயும் முறையை வகுத்தது. அவர் சூழலை மறந்தவரல்லர். அவருக்குப் பின் வந்த உளப்பகுப்பாய்வு மோகமே ஆளின் மனத்துக்குள் துறையை அடைத்தது. இலங்கையில் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 1947இல் வெளியானது. மறு ஆண்டே சமூக சேவைகள் திணைக்களம் தோன்றியது. 1952இல் சமூகப் பணிப் பயிற்சி நிறுவனமும் உருவானது. 1958இல் ஏ. டி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதயம் தனியாளுக்குப் பதில் கிராமத்தையே அலகாகக் கொண்டது. ஆனால் அது கோட்பாடாகப் பாடத்தில் ஏறியதைவிட இயக்கமாகவே மதிக்கப்பட்டது.

1990க்குப் பின் கோலோச்சியது நெருக்கடிக் கோட்பாடு. 1942 பொஸ்டன் தீ விபத்தில் உறவுகளை இழந்தோரை உளமருத்துவர் எரிக் லிண்டமன் ஆராய்ந்தார். அவர் வழியில் ஜெரால்ட் கப்லன் வளர்த்த இச்சிந்தனைப்படி, நெருக்கடி சில வாரங்களில் ஏதோ ஒரு வகையில் தீரும். கற்பிட்டியில் அது இரு தசாப்தங்களையும் தாண்டியது. கிடுகுக் குடிசைகளில் பிறந்த பிள்ளைகள் அங்கேயே திருமணம் செய்தனர். உலர் உணவுப் பங்கீட்டுக்காக எழுதப்பட்ட ‘இடம்பெயர்ந்தோர்’ என்ற வகைப்பாடு, அடுத்த வீட்டுக்காரரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் இடம்பெயர்ந்த பெண்கள் கூலிக்குச் சென்றனர். உள்ளூர்த் தொழிலாளருக்குப் போட்டி வந்தது. மணற்பாங்கான இம்மண்ணில் ஆழமற்ற நிலத்தடி நீரே குடிநீரும் பாசனமும் என்பதால் அதற்கும் போட்டி எழுந்தது. பாடசாலை இடத்துக்கும் அரச வேலைக்கும்கூடப் பூசல் மூண்டது. புவியியலாளர் கத்ரின் புரூனின் ஆய்வுகள் இவ்விரிசலைப் பதிவு செய்கின்றன.

இதை விளக்கத்தக்க கருத்து ஏற்கெனவே இருந்தது. உளவியலாளர் புரொன்பென்பிரெனர் 1979இலும், சமூகப் பணி அறிஞர்களான ஜெர்மேய்னும் கிற்றர்மனும் 1980இலும், ஆளையும் சூழலையும் ஒன்றாகப் பார்க்கும் சூழலியல் நோக்கை முன்வைத்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் காயத்தைக் குடும்பத்திலும் சமுதாயத்திலும் தேடி, 2007இல் கூட்டு மனவடு பற்றி விரிவாக எழுதினார். அதே ஆண்டு உலக வங்கி நிதியில் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம் இடம்பெயர்ந்தோரோடு உள்ளூர் ஏழைகளையும் சேர்த்துக்கொண்டது. பதினேழு ஆண்டுகள் பிந்திய திருத்தம் அது. கோட்பாட்டைவிட ஊர்ப்பூசலே அதற்கு வழிகாட்டியது என்பது என் மதிப்பீடு.

தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் 2005 முதல் சமூகப் பணியில் பட்டப்படிப்பு நடத்துகிறது. சமூகப் பணிக்கான 2014ஆம் ஆண்டு உலக வரைவிலக்கணமும் உள்ளூர் அறிவைக் கோட்பாட்டு மூலமாக ஏற்றுள்ளது. 1990இல் வளவைத் திறந்துவிட்டவர்கள் முதுமையடைந்துவிட்டனர். அவர்கள் எவ்வாறு இடம் பகிர்ந்தனர், எங்கே மனம் கசந்தனர் என்பதை மாணவர்கள் இப்போதே சென்று கேட்டெழுத வேண்டும்.