மலைக்குப் புறப்படுமுன்

சுங்காய்ப் பட்டணத்தினின்று கிழக்கே நோக்குவார்க்குத் தித்திவாங்சா மலைத்தொடர் நாடோறும் காட்சியளிக்கின்றது. ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய்ப் பாடுபட்ட நம்மவர், விடியலிற் பால்வெட்டும்போதெல்லாம் அம்மலையைக் கண்டனர். ஏறிப் பார்த்தோர் சிலரே. இன்று நம் இளைஞர் விடுமுறை நாளில் மலையேற விழைகின்றனர். நல்ல விருப்பமே. எனினும், “ஒருநாள் நடைதானே! காலையிற் போய் மாலையில் வந்துவிடலாம்” என்னும் அவர்தம் சொல்லை இம்மலைகளின் சரித்திரம் ஒப்புவதில்லை. நெடும்பயணம் சென்றோர் பலர் மீண்டனர். சிறுநடை சென்ற ஒருவர் மீண்டிலர். இதன் காரணம் யாது?

1885ஆம் ஆண்டில், பேராக் ரெசிடெண்டாயிருந்த சர் ஹியூ லோவின் ஆட்சியில், நிலஅளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைத்தொடரை ஆராயப் புறப்பட்டார். குலோப் ரியாவ் என்னும் மலாய்க்காரர் அவருக்குத் துணையாயினார். உயர்ந்ததொரு மேட்டுநிலத்தைக் கேமரன் கண்டு மீண்டார். ஆயினும் அதன் இடத்தைத் திருத்தமாகப் படத்திற் குறித்து வையாமையால், பின்வந்தோர் அதனைத் தேடவேண்டியதாயிற்று. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் சென்று பார்த்த பின்னரே, அது மலைவாசத்தலமாக வளரத் தொடங்கிற்று. சென்ற வழியைக் குறியாதான் கண்டதும் காணாதது போலாம் என்பதற்கு இது சான்று.

இதற்கு மாறாக, தைப்பிங்கிலுள்ள பேராக் அரும்பொருட்சாலையைச் சேர்ந்த லெனார்ட் ரே என்பவர், சுங்காய் அடங்கிய இதே பாத்தாங் பாடாங் மாவட்டத்து மலையிற் செடிகொடிகளையும் உயிரினங்களையும் திரட்டச் சென்றார். தம் பயணத்தைக் குறிப்பேடாக எழுதினார். அது 1890இல் அச்சேறிற்று. எழுதி வைத்தமையால் அவர் நடை பிறர்க்கும் வழியாயிற்று.

1942 ஜனவரியில் ஜப்பானியர் படை சிலிம் ரிவரைக் கடந்து தெற்கே விரைந்த காலத்தில், ஸ்பென்சர் சாப்மன் என்னும் ஆங்கிலப் படைஅதிகாரி பகாங் பக்கமிருந்து இம்மலைத்தொடரைக் கடந்து தஞ்சோங் மாலிம் பக்கம் இறங்கினார். படத்திற் சில மைல்களாய்த் தோன்றிய தூரம், காட்டில் நாட்களை விழுங்கிற்று. பின்னர் 1949இல் வெளியிட்ட தம் நூலுக்கு, ‘காடு நடுநிலையானது’ எனப் பொருள்படப் பெயரிட்டார். காடு பகையுமன்று, நட்புமன்று. அறிந்தாரைக் காப்பதும் அறியாரை அழிப்பதும் அவரவர் ஆயத்தமே என்பது கருத்து.

இனி, மீளாதவர் வரலாறு. தாய்லாந்துப் பட்டு வாணிகத்தை உலகறியச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், கேமரன் மலையில் நண்பர் மாளிகையில் விருந்தினராய்த் தங்கியிருந்தார். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. பிற்பகலில் மற்றவர் இளைப்பாறும் வேளையில் அவர் தனியே வெளியே சென்றார். வழக்கமாக உடன்வைத்திருக்கும் சிகரெட்டும் தீமூட்டியும் மாளிகையிலேயே கிடந்தன. போலீஸாரும் படையினரும் பூர்வகுடியினரும் பல நாள் தேடியும் ஒரு தடயமும் கிடைத்திலது. முனி கொண்டது என்பார் சிலர். ஒற்றர் கடத்தினர் என்பார் வேறு சிலர். அறிவு நின்ற இடத்தில் கதை குடியேறுவது இயல்பு. நாம் அறிந்தது இவ்வளவே: எவ்வழி செல்கிறார், எப்பொழுது மீள்வார் என்பது ஒருவர்க்கும் தெரியாதிருந்தது. யுத்தகாலத்தில் ஒற்றர் படையிற் பயிற்சி பெற்றவர்க்கே இக்கதியெனின், நம்போல்வார் நிலை என்னாகும்?

மாதக்கணக்கிற் செல்வோன் அஞ்சி ஆயத்தம் செய்கிறான். ஒருநாள் செல்வோன் அஞ்சாமையால் ஆயத்தமும் செய்வதில்லை. ஆபத்து ஆங்கே தொடங்குகிறது.

காலக்கணக்கை முதலில் வகுத்தல் வேண்டும். 3 மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி என 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் கணித்தார். அது திறந்த மலைக்கு உரியது. வேரும் சேறும் அட்டையும் நிறைந்த நம் காட்டிற்கு அதனை இரட்டித்தல் தகும். அவ்வாறாயின் 3 மைல் தூரமும் 2,000 அடி ஏற்றமும் உள்ள வழிக்கு 4 மணி நேரம் செல்லும். காலை 7 மணிக்குப் புறப்படின் 11 மணிக்கே உச்சி. உச்சி எய்தினும் எய்தாவிடினும் நண்பகலில் திரும்புதல் கடன். பிற்பகல் மழை மலைமேற் பொழியின், கீழே வெயிலடிக்கும்போதே ஆறு பெருகிவிடும். மரநிழலில் இருளும் முந்தி வரும். வெயிலேறினாற் பால் ஒழுக்குக் குறையுமென்று விடியுமுன் எழுந்த தோட்டத்தார்க்கு இந்த நேரக்கணக்கு புதிதன்று.

காப்புக்காட்டினுள் நுழைய வனத்துறையின் அனுமதி பெறுக. வழியறிந்த துணை கொள்க; இம்மலைகளைத் தம் இல்லமாய்க் கொண்ட செமாய் மக்களினும் வழியறிந்தார் யாவர்? நீர், உணவு, விளக்கு, தீப்பெட்டி, மழையுடை ஆகியன ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும்.

தோட்டத்துப் பெரட்டில் விடியற்காலையிற் பெயர்கூப்பிட்டு ஆளெண்ணியது துரைக்கு வேலை நடக்க. அவ்வெண்ணிக்கையை நாம் நம் உயிர்க்கு வைத்துக்கொள்வோம். எத்தனை பேர், எவ்வழி, எம்மணிக்கு மீட்சி, எம்மணி கடந்தாற் போலீஸாருக்கு அறிவிப்பது என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதி, வீட்டிலிருக்கும் ஒருவர் கையிற் கொடுத்த பின்னரே படியிறங்குக.