திரையும் மேஜையும்

உணவைப் பற்றிய சரித்திரங்கள் பெரும்பாலும் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதோடு நின்றுவிடுகின்றன. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாரோடு உட்கார மறுத்தார்கள் என்ற கேள்வி அடிக்குறிப்புக்குத் தள்ளப்படுகிறது. நம் விஷயத்தில் அந்த அடிக்குறிப்பே சரித்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படி யோசிக்கவைத்தது ஒரு மெனு அட்டை. நியூயார்க்கில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் அதைப் புகைப்படம் எடுத்து அனுப்பியிருந்தான். கிரீனிச் வில்லேஜ் பகுதியில் 2021-ல் திறக்கப்பட்ட 'செம்ம' என்ற உணவகத்தின் அட்டை. சமையல் தலைமை விஜய் குமார், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர். 2022-ல் அந்த உணவகத்துக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025-ல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்காரர் என்று ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. உலகத்தின் பணம் முழுக்க வந்து சாப்பிடுகிற ஒரு நகரத்தில் இது சாதாரண காரியமில்லை. என்னை நிறுத்திவைத்தது விருதுகள் அல்ல. 'நத்தை பிரட்டல்', 'குடல் வறுவல்' என்று நம் பெயர்கள் இங்கிலீஷ் எழுத்தில், வேஷம் எதுவும் போடாமல், அப்படியே அச்சாகியிருந்ததுதான்.

ஏன் இது முக்கியம் என்று புரிய மேல்நாட்டு மேஜையின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'ரெஸ்டாரண்ட்' என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் ஒரு கடையைக் குறிக்கவில்லை, உடம்பைத் தேற்றும் ஒரு சாற்றைக் குறித்தது. 1760-களில் பாரிஸில் அந்தச் சாற்றை விற்ற கடைகளுக்கு அதுவே பெயராயிற்று. தனித்தனி மேஜை, விலை போட்ட பட்டியல், வேண்டிய நேரத்தில் வேண்டியதைக் கேட்டு வாங்கும் வசதி ஆகியவை இந்தக் கடைகள் கொண்டுவந்த புதுமைகள். 1789 புரட்சிக்குப் பின் பிரபுக்களின் சமையற்காரர்கள் வேலை இழந்து தெருவுக்கு வந்ததால்தான் உணவகங்கள் பிறந்தன என்று சொல்வது வழக்கம். புரட்சிக்கு இருபது வருஷம் முன்பே அவை இருந்தன. புரட்சி அவற்றைப் பெருக்கியது. எப்படியானாலும் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துவிட்டது: பிரபுவின் மேஜைக்குப் பிறப்பு வேண்டியிருந்தது, உணவகத்தின் மேஜைக்குப் பணம் போதும்.

பணம் போதும் என்று ஆன பிறகு, பணக்காரன் தான் வெறும் பணக்காரன் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டியவனாகிறான். இந்தத் தேவையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஹோட்டல் நடத்திய ரிட்ஸும், சமையற்காரர் எஸ்காஃபியேவும். லண்டன் ஸவாய் ஹோட்டல் 1889-ல் திறக்கப்பட்டது. அடுத்த வருஷம் இருவரும் அங்கே சேர்ந்தார்கள். இங்கிலீஷ்காரர்கள் அருவருக்கும் தவளைக்காலை எஸ்காஃபியே வேல்ஸ் இளவரசருக்கு 'விடியலின் வனதேவதைத் தொடைகள்' என்று பெயரிட்டுப் பரிமாறினார் என்று ஒரு கதை உண்டு. சாப்பிட்டவர்கள் ரசித்தார்களாம். கதை எவ்வளவு நிஜமோ, அதன் தர்க்கம் நிஜம். மேல்தட்டு மேஜைக்கு வரும் எந்த எளிய பிராணியும் தன் ஊர்ப் பெயரை வாசலில் கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். 1900-ல் கார் ஓட்டுகிறவர்களுக்கு டயர் கம்பெனி ஒன்று இலவசமாகக் கொடுத்த கையேடுதான் 1926-ல் நட்சத்திரம் வழங்க ஆரம்பித்து இந்த ருசியின் நீதிமன்றமாயிற்று.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை இறங்கி ஊரைத் தொடும் இடத்தில் அய்யனார் கோவில் இருக்கிறது. ஓடையும் மரங்களும் பாறைகளும். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் கிடாயையும் அண்டாக்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். என் தாத்தா காலத்தில் அப்படித்தான் நாங்களும் போனோம். அய்யனார் சைவம். கிடாய் அவருக்கல்ல, அவர் கீழ் காவல் நிற்கும் கருப்பசாமிக்கு. வெட்டும்போது அய்யனாருக்கு முன்னால் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். சின்ன வயதில் எனக்கு இது ஒரு விளையாட்டுப் போலிருந்தது. பின்னாளில் லூயி துய்மோன் 1959-ல் அய்யனாரைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தபோதுதான் அந்தத் திரை ஒரு கோவிலின் வழக்கமல்ல, ஒரு சமூகத்தின் வரைபடம் என்று தெரிந்தது. சைவ சாமிக்குக் கறி சாப்பிடும் சாமி வேண்டும். அவன் இல்லாமல் இவருக்கு ஆட்சி இல்லை. ஆனால் அவன் சாப்பிடுவதை இவர் பார்க்கக்கூடாது.

வெட்டிய கிடாயும் அதே வரைபடத்தின்படி பிரிந்தது. தொடையும் நெஞ்சும் ஈரலும் எங்கள் அண்டாவுக்கு. குடல், மேளம் அடிக்க வந்தவர்களுக்கு. அவர்கள் ஓடைக்கு அந்தப்பக்கம், பாறைக்குப் பின்னால், தனி அடுப்பு மூட்டினார்கள். நான் ஒருமுறை அங்கே போய் நின்றேன். குடலை ஓடைத் தண்ணீரில் புரட்டிப் புரட்டி அலசிக்கொண்டிருந்த பெரியவரை எங்கள் வீட்டு ஆறு வயதுப் பிள்ளைகளும் பேர் சொல்லித்தான் கூப்பிடும். மிளகு வறுபட்ட வாசனையில் நான் நகராமல் நிற்பதைப் பார்த்து அவர், "போங்க சின்னய்யா, இதெல்லாம் உங்க வாய்க்கு ஆகாது. அய்யா பாத்தா என்னத்தான் வைவாரு" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஓர் இலையில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தார். எங்கள் பந்தியில் அன்று பரிமாறியது எதுவும் எனக்கு நினைவில்லை.

கோவிலும் சோறும் என்றால் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுவிட முடியாது. ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொண்டாள். பின்னால் வந்த ராமானுஜர் அந்த நேர்த்தியை நிறைவேற்றினார் என்கிறது வைஷ்ணவ மரபு. மார்கழி 27-ல் கூடாரவல்லி அன்று பாலும் வெல்லமும் நெய்யும் இன்றும் கலந்துகொண்டிருக்கின்றன. அடிப்படையில் இதுவும் நேர்த்திக்கடன்தான். சாமியிடம் உணவைக் காட்டிச் செய்யும் ஒப்பந்தம் என்ற வகையில் அக்கார அடிசிலும் கிடாயும் ஒரே ஜாதி. ஒன்று காவியமும் திருவிழாவும் ஆயிற்று, மற்றது மூடநம்பிக்கை ஆயிற்று. நம் சரித்திரத்தில் ஆடம்பரமான சாப்பாடு என்று இருந்தது அரண்மனையிலும் கோவில் மடைப்பள்ளியிலும்தான். மடைப்பள்ளியின் நெய் வாசனை மதிலைத் தாண்டி வந்திருக்கும். மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே போகச் சென்னை மாகாணத்தில் 1947-ல் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

பாரிஸில் பிறப்பின் இடத்தைப் பணம் பிடித்துக்கொண்டது என்றேன். நம்மிடம் அதுகூடச் சுலபமாக நடக்கவில்லை. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் தேசிய லட்சியங்களோடு தொடங்கியது. இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது 1925-ல் மாகாணக் காங்கிரஸையே பிளந்தது. ஒரு தேசிய இயக்கம் உப்பில் ஒன்றுபடுவதற்கு முன் சோற்றில் உடைந்த இடம் அது. 1950-ல் அமலான அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடைகளையும் பொது உணவகங்களையும் ஹோட்டல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஜாதியின் பேரால் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் காபி ஓட்டல் இடம்பெற வேண்டியிருந்தது என்பதை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை. அதற்கு ஏழு வருஷம் கழித்தும், 1957-ல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை எடுக்கப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை போக வேண்டியிருந்தது.

சென்னையின் நட்சத்திர ஹோட்டல்களுக்குள் நம் கறிக்குழம்பு நுழைந்த விதமும் கவனிக்க வேண்டியது. கன்னிமராவின் 'ரெயின் ட்ரீ' போன்ற இடங்களில் அது 'செட்டிநாடு' என்ற பெயரில் நுழைந்தது. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்ட மாளிகைகளின் கௌரவம் அதற்கு முன்னால் கட்டியம் கூறிக்கொண்டு போயிற்று. கருப்பசாமியின் கறி அந்த வாசலில் நுழைந்ததில்லை. அதற்குக் கிடைத்தது வேறு வரவேற்பு. 1950-ம் வருஷத்து ஆடு, கோழி பலித் தடைச் சட்டத்தைத் தமிழக அரசு 2003 ஆகஸ்டில் தூசி தட்டி எடுத்துக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. ஒரே ஆட்டைக் கசாப்புக் கடையில் வெட்டினால் வியாபாரம், சாமி முன்னால் வெட்டினால் குற்றம். எதிர்ப்பு வலுத்து 2004 பிப்ரவரியில் சட்டமே நீக்கப்பட்டது. அந்த ஆறு மாதமும் அரசாங்கம் செய்தது அய்யனாருக்கு முன்னால் பிடிக்கும் அதே துணியை மாநிலம் முழுவதற்கும் பிடித்ததுதான். ரத்தத்தைப் பற்றிய கருணை அதில் இருந்திருக்கலாம். ஆனால் துணிக்கு எந்தப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்பது மாறவில்லை.

இந்தப் பின்னணியில்தான் அந்த மெனு அட்டை எனக்குப் பெரிதாகப்படுகிறது. எஸ்காஃபியே தவளையின் பெயரை ஒளித்தார். இவர் நத்தையின் பெயரை ஒளிக்கவில்லை. சின்ன வயதில் வயலில் பொறுக்கித் தின்ற நத்தை அது என்று விஜய் குமாரே சொல்லியிருக்கிறார். வேட்டி கட்டிக்கொண்டு விருது மேடையேறி, கறுத்த தோல் கொண்ட ஒரு தமிழ்நாட்டுப் பையன் இப்படியொரு அறைக்குள் வர முடியும் என்று நினைத்ததில்லை என்கிற பொருளில் பேசினார். மேஜையின் சரித்திரத்தில் இது ஒரு திருப்பம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் என் சந்தோஷத்தை நான் முழுதாக நம்பவில்லை. பண்டம் மேலே போவதால் அதைத் தின்றவர்கள் மேலே போய்விடுவதில்லை. பரதநாட்டியம் சபாக்களின் மேடை ஏறியபோது அதை ஆடிய குடும்பங்கள் கீழேயே நின்றதை நாம் அறிவோம். நாளை ஒரு சென்னை ஹோட்டல் மிளகுக் குடலை வெள்ளித் தட்டில் வைக்கும். சாப்பிடுகிறவர்கள் தங்கள் பாட்டி கைமணம் என்று சொல்வார்கள். ஓடைக்கு அந்தப்பக்கத்து அடுப்பு எந்தப் பாட்டியின் கதையிலும் வராது.

போன வருஷம் ஒரு பேரப்பிள்ளையின் முடியிறக்கத்துக்கு அய்யனார் கோவில் போயிருந்தேன். அந்த மலைப்பக்கம் 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். சமையலுக்கு டவுனிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, மேஜை, பேப்பர் விரிப்பு. இப்போது குடலை யாருக்கும் கொடுப்பதில்லை. கசாப்புக் கடையில் அதன் விலை ஏறிவிட்டதால் எங்கள் அண்டாவிலேயே அது வறுபட்டது, எல்லோரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். மேளக்காரர்களுக்குக் கூலி ரூபாயாகக் கொடுக்கப்பட்டது. அவர்கள் எங்களோடு உட்கார்ந்தார்களா, கடைசிப் பந்தியில் சாப்பிட்டார்களா, சாப்பிடாமலே போய்விட்டார்களா என்று நான் கவனிக்கவில்லை. ராஜபாளையம் வந்து பஸ் ஏறிய பிறகுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது.