ஓரமாகச் சொன்ன யோசனை

1830களின் இங்கிலாந்தில் தபால்காரர் கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் முதலில் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வார். கடிதத்துக்குக் காசு கொடுத்தவர் பெரும்பாலும் எழுதியவர் அல்ல, பெறுபவர்! தூரம் ஏற ஏறக் கட்டணமும் ஏறியது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே ஒரு தாள் போக பதின்மூன்றரை பென்னி. உறையில் போட்டால் உறையும் ஒரு தாள் கணக்கு, கட்டணம் இரட்டிப்பு. ஏழைகள் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். முகவரி எழுதும் விதத்திலேயே ‘நலம்’ என்று ரகசியக் குறி வைத்தார்கள். பெறுபவர் அதைப் பார்த்துக்கொண்டு, கடிதம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். செய்தி வந்து சேர்ந்துவிட்டது. தபால் துறைக்கு நாமம். இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட வந்தவரோ, அந்தத் துறையில் ஒரு நாள்கூட வேலை பார்த்திராதவர்.

ரோலண்ட் ஹில், பள்ளி ஆசிரியராக இருந்தவர். கணக்குப் புலி. எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல உண்மையில் ஆகும் செலவு, ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று கண்டுபிடித்தார். மிச்சத்தில் வசூலும் கணக்கெழுத்தும் தின்ற காசும் உண்டு. நாட்டுக்குள் எங்கே போனாலும் அரை அவுன்ஸ் வரை ஒரு பென்னி, அதையும் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டட்டும் என்று 1837இல் ஒரு சிறு நூல் எழுதினார். தபால் துறைத் தலைவர் லிச்ஃபீல்டு பிரபு பிரபுக்கள் சபையிலேயே அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஆனால் வணிகர்கள் விடவில்லை. மனுக்கள் குவிந்தன. 1839இல் சட்டமும் வந்துவிட்டது. பென்னி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளம் என்ன? அங்கேதான் சிக்கல்.

முத்திரை அச்சிட்ட உறைகளை விற்பது ஹில்லின் திட்டம். ஆனால் எழுதத் தெரியாத வேலைக்காரி ஒருத்தி முத்திரையில்லாத கடிதத்தோடு வந்து நின்றால்? புது உறையை விற்கலாம். அதில் முகவரியை எழுதுவது யார்? அவளைப் போன்றவர்களுக்காக, பின்புறம் பசை தடவிய ஒரு துண்டுக் காகிதம் போதும் என்று 1837இலேயே ஹில் ஓரமாகச் சொல்லி வைத்திருந்தார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரசு போட்டி அறிவித்தது. 2,600க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. அப்படியே ஏற்கத்தக்கது ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஓவியர் வில்லியம் மல்ரெடி உறைக்குப் படம் வரைந்தார். நடுவே பிரிட்டானியா தேவி, சுற்றிலும் சிங்கம், யானை, ஒட்டகம். ஒரு பென்னிக் கடிதத்துக்கு இத்தனை ஆடம்பரமா! 1840 மே முதல் தேதி விற்பனைக்கு வந்ததுமே ஊரே சிரித்தது. கேலி உறைகளை அச்சடித்து விற்றுச் சிலர் காசு பார்த்தார்கள். பன்னிரண்டாம் தேதியே ஹில் தன் நாட்குறிப்பில் தோல்வியை ஒப்புக்கொண்டார். தேங்கிய கட்டுகளை எரித்துப் பார்த்தும் முடியாமல், அழிப்பதற்கென்றே ஓர் இயந்திரம் செய்ய வேண்டியதாயிற்று.

அதே நாளில், அதே கவுண்டரில் விற்பனைக்கு வந்த துண்டுக் காகிதத்துக்கோ அமோக வரவேற்பு. கறுப்பு மையில் விக்டோரியாவின் முகம். ஓரத்தில் துளை கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் உலகின் முதல் தபால்தலை, பென்னி பிளாக்.

அதற்கும் கண்டம் வந்தது. மேலே குத்திய சிவப்பு முத்திரையைக் கழுவிவிட்டுப் பழைய தலையையே மறுபடி ஒட்டினார்கள். நாமம் போடும் கலை அவ்வளவு சுலபத்தில் அழியுமா? 1841இல் நிறங்கள் இடம் மாறின: தலை சிவப்பு, முத்திரை கறுப்பு. கடிதங்கள் ஒரே ஆண்டில் 7.6 கோடியிலிருந்து சுமார் 16.9 கோடியாகப் பெருகின. வருமானம் மட்டும் சரிந்தது. 1842இல் புதிய அரசு, திட்டத்தை நடத்திவந்த ஹில்லை வீட்டுக்கு அனுப்பியது. நான்கு ஆண்டுகளில் அவர் திரும்பி வந்தார். திட்டமோ போகவே இல்லை.

1854 அக்டோபர் முதல் இந்தியாவிலும் தூரக் கணக்கு ஒழிந்தது. கால் தோலா எடையுள்ள கடிதம் சென்னையிலிருந்து கராச்சிக்குப் போனாலும் கட்டணம் அரை அணாதான்.